படூர் டெக்கும் பதினோரு பிரியாணியும்

எல்லப்பனுக்குப் பசி வயிற்றில் தெரியாது, முழங்காலில்தான் தெரியும். மீசை அரும்பின நாளிலிருந்து கலவைக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்த கால்கள். மத்தியானம் தாண்டியும் உள்ளே ஒன்றும் போகவில்லை என்றால் முட்டி இரண்டும் தனித்தனியாக நடுங்க ஆரம்பிக்கும். அன்றைக்கும் நடுங்கின. கலவையைத் தேய்த்துச் சமப்படுத்துகிற மணியாசுக் கட்டையை ஊன்றி எழுந்து நின்று, போட்டு முடித்த கான்கிரீட்டைப் பார்த்தான். வேலை பரவாயில்லாமல் வந்திருந்தது. ஆனாலும் பார்த்ததும் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

காலையில் ஒரு டீயோடு சரி. அவனுக்கு மட்டுமில்லை, கூட வந்த பதினோரு பேருக்கும் அதே கதிதான். கூரை கான்கிரீட் போடுகிற நாளில் எவனும் தூக்குவாளியில் சோறு கொண்டுவர மாட்டான். கலவை மிஷின் ஓட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. கடைசிச் சட்டி கலவை கொட்டின பிறகு வீட்டுக்காரன் பிரியாணி போடுவான். கரணை பிடித்தவன், சும்மாடு கட்டினவள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதை யாரும் வாயைத் திறந்து பேசி முடிவு செய்வதில்லை. சாப்பாடு உண்டா என்று கேட்டுவிட்டா கல்யாண வீட்டுக்குப் போகிறோம்?

இந்த வீட்டில் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது எல்லப்பன் செய்த முட்டாள்தனம்.

வீடு படூரில் இருந்தது. பரணிதரன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனுடையது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பழைய மகாபலிபுரம் ரோட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் மேல்தான் விழ வேண்டும். அவன் அப்பா சதாசிவம் கல்பாக்கத்தில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். வேலையை விட்டு வந்துவிட்டார், ஆபீசர்தனத்தை விட்டு வரவில்லை. பரணிதரன் பொண்டாட்டி வைஷாலி மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருந்தாள். அந்த இரண்டு நாளில் பிடித்த வியாதிதான் இத்தனைக்கும் காரணம்.

எல்லப்பனைக் கூப்பிட்டு முதல் நாள் கொல்லைப்புறத்தைக் காட்டினார்கள். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, துணி துவைக்கிற கல். வைஷாலி கையில் கலர் கலராகப் படங்கள், வெள்ளைக்காரன் வீட்டுப் பின்பக்கங்கள். ஒன்றில் கல் பாவின தரை, அது பட்டியோவாம். இன்னொன்றில் தரையிலிருந்து தூக்கிக் கட்டின மரமேடை, அது டெக்காம். இரண்டும் வேண்டும். டெக்கின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிப்பார்களாம். அந்தக் காபியை இத்தனை நாள் எங்கே நின்றுகொண்டு குடித்தார்கள் என்று எல்லப்பன் கேட்கவில்லை.

மெயின்டனன்ஸே இருக்கக் கூடாது என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பெருக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, இலை உதிரக் கூடாது, பூச்சி வரக் கூடாது. தோட்டம் வேண்டும், ஆனால் அதில் ஒன்றும் முளைத்துவிடக் கூடாது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். இவர்கள் கூழையும் குடிக்க மாட்டார்கள், மீசையும் வளர்க்க மாட்டார்கள், மையால் வரைந்துகொள்வார்கள்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி வருகிறது என்று அதை வெட்டச் சொன்னார்கள். வாழை குப்பை போடுகிறது என்று அதுவும் போயிற்று. கறிவேப்பிலையைப் பிடுங்கின மறுநாளே வைஷாலி பக்கத்து வீட்டில் இரண்டு கொத்து கேட்டு வாங்கி வந்தாள். துளசிக்கு மட்டும் விலக்கு. சாமி மெயின்டனன்ஸில் சேராது என்று சதாசிவம் தீர்ப்புச் சொன்னார்.

பிறகு டெக். நிஜ மரம் போட்டால் உப்புக் காற்று, கரையான், வருஷா வருஷம் பாலீஷ். ஆகவே மரம் வேண்டாம். கான்கிரீட்டில் கட்டி மேலே மரம் மாதிரி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சதாசிவம் கண்டுபிடித்தார். அதற்கெதற்கு சார் இத்தனை கூத்து, நாலு பக்கமும் செங்கல் வைத்து உள்ளே மண்ணை ரொப்பிவிட்டால் ஒரு நாளில் முடிந்துவிடும் என்றான் எல்லப்பன். சதாசிவம் படத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நல்லாப் பாரு மேஸ்திரி. டெக்குன்னா அடியில காலியா இருக்கணும். காத்து போகணும். மண்ணை ரொப்பினா அது வெறும் மேடை."

அடியில் காலியாக இருக்க வேண்டுமென்றால் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். சவுக்கு முட்டு நட்டு, பலகை போட்டு, மேலே இரும்பு ஷீட் பரப்பி, கம்பி கட்டி, அதன் மேல் கான்கிரீட். பத்தடி உயரத்தில் செய்கிற வேலையை மூன்றடி உயரத்தில், தவழ்ந்து தவழ்ந்து செய்ய வேண்டும். எல்லப்பன் புத்திக்கு அது கூரைதான். கீழே மனுஷன் குடியிருந்தாலும் எலி குடியிருந்தாலும் கூரை கூரைதான்.

அந்த வருஷம் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி கம்பெனியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேன் வைத்து ஆள் அள்ளினார்கள், மத்தியானம் கேன்டீன் சோறு வேறு. எல்லப்பனுடைய ஆட்கள் ஏற்கெனவே ஒரு காலை அந்த வேனில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் வாய் அம்சாதான். சித்தாள்களில் மூத்தவள், அவள் வருகிறேன் என்றால் எல்லாரும் வருவார்கள். அரை நாள் வேலைக்காகக் கேன்டீன் சோற்றை விட்டுவிட்டு எவள் வருவாள் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லப்பன் வாயை விட்டது அங்கேதான்.

"ரூஃபு காங்கிரீட்டும்மே. மட்டன் பிரியாணி. ஆளுக்கு நாலு துண்டு கறி, நான் பொறுப்பு."

"வர்லன்னா?"

"வர்லன்னா எம் பேரு எல்லப்பன் இல்ல."

அந்தப் பேச்சை நம்பித்தான் பதினோரு பேரும் வந்தார்கள். வெறும் வயிற்றோடு ஜல்லி சுமந்தார்கள். பிரியாணி வராமல் போனால் நாளையிலிருந்து அவர்கள் வேனில் ஏறிவிடுவார்கள், ஆளில்லாத மேஸ்திரி வெறும் கொத்தனார் என்பது எல்லப்பனுக்குத் தெரியும்.

மிஷின் நின்றது. எல்லாரும் குழாயில் கை கால் கழுவிக்கொண்டு காம்பவுண்டு சுவர் ஓரமாக, பந்தியில் உட்காருவதுபோல வரிசையாக உட்கார்ந்தார்கள். உள்ளே குக்கர் கூவியது. சதாசிவம் தட்டோடு வந்தார். தட்டில் பிளாஸ்டிக் கப்பில் டீ, பிஸ்கட் பாக்கெட்டுகள். இரண்டு பேருக்கு ஒரு பாக்கெட் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னார். நானே தட்டோடு வந்தது பெரிது என்று அந்த எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷனின் முகம் சொல்லிற்று.

எல்லப்பன் தலையைச் சொறிந்துகொண்டு கிட்டே போய், சாப்பாடு இன்னும் வரவில்லையே என்றான். எந்தச் சாப்பாடு என்றார் அவர். ரூஃப் போட்டால் பிரியாணி போடுவது வழக்கம் என்று விளக்கினான். சதாசிவம் நிஜமாகவே சிரித்தார், கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பார்த்து வாத்தியார் சிரிப்பதைப் போல.

"ரூஃபா? இது ஃப்ளோருப்பா. இதுமேல நாங்க நடக்கப் போறோம், சேர் போட்டு உக்காரப் போறோம். தரைக்கு யாராவது பிரியாணி போடுவாங்களா?"

மாடியில் துணி காயப் போடுகிறவர்களும்தான் கூரைமேல் நடக்கிறார்கள் என்றான் எல்லப்பன். அது வேறு என்றார். முட்டு நட்டதையும் ஷீட் போட்டதையும் சொன்னான். அதெல்லாம் மெத்தட், அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்றார். தவிர இந்த வீட்டில் அசைவம் புழங்காது, வேலை ஆரம்பிக்கும்போதே கேட்டிருந்தால் அப்போதே இல்லை என்று சொல்லியிருப்பேன் என்றார். பரணிதரன் காதில் போனை வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றிருந்தான். கான்கிரீட்டைப் பார்த்து எல்லாருக்கும் பொதுவாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

அந்த நேரத்தில் தெருநாய் ஒன்று, செம்பட்டை நிறம், கேட்டைத் தாண்டி வந்தது. வெயிலுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராகப் போய் டெக்குக்கு அடியில், சவுக்கு முட்டுகளுக்கு நடுவே சுருண்டு படுத்தது.

அம்சா எழுந்து வந்தாள். நாயைக் காட்டினாள்.

"நைனா, அது எங்க படுத்துகினு கீது? தரைக்கு அடியிலயா? நாய்க்குத் தெரியுது அது கூரைன்னு. நீ அவ்ளோ படிச்சிக்கீற, உனக்குத் தெரியல."

நாயை வைத்துக்கொண்டெல்லாம் முடிவு செய்ய முடியாது என்று சதாசிவம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பிறகு தமிழிலும் சொன்னார். அம்சா பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து நாய்க்கு முன்னால் கொட்டினாள். நாய்க்கு மானம் ரோஷம் கிடையாது, எல்லாவற்றையும் தின்றது. அவள் எல்லப்பன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லு மேஸ்திரி. உம் பேரு இன்னா?"

எல்லப்பன் குனிந்து கரணையில் ஒட்டின கலவையைச் சுரண்டினான். பதினோரு பேரும் சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து சதாசிவம் காலையும் மாலையும் ஹோஸ் பைப்போடு நின்றார். கான்கிரீட் காய்ந்து வெடிக்காமல் இருக்க, பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். வாழைக்கு ஒரு குடம் ஊற்ற வலித்தவர் சிமெண்டுக்கு டாங்க் டாங்காக ஊற்றினார். உலகத்தில் அதற்கு ஊற்றினால் மட்டும் ஒன்றும் காய்க்காது.

இரண்டு வாரம் போயிற்று. சென்ட்ரிங் பிரிக்க வேண்டிய நாள் வந்தது. மூன்றடி இடுக்கில் தவழ்ந்து போய் முட்டுகளைத் தட்டி எடுக்க வேண்டும், எல்லப்பன் முழங்காலுக்கு அது ஆகாத காரியம். அம்சாவையும் மற்றவர்களையும் கூப்பிடப் போனான். எல்லாரும் அதற்குள் சிங்கப்பெருமாள் கோயில் வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். சதாசிவம் கேளம்பாக்கத்து மேஸ்திரி ஒருவனைக் கூட்டிவந்தார். அவன் குனிந்து பார்த்தான், யார் அடித்த சென்ட்ரிங் என்று விசாரித்தான், ஒருத்தன் அடித்ததை இன்னொருத்தன் பிரிப்பதில்லை என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

கடைசியில் எல்லப்பன் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கேளம்பாக்கத்தில் தன் கைக்காசைப் போட்டு பிரியாணி பொட்டலங்களை வாங்கிக்கொண்டு அம்சா வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தின் வாசனை தெருவைத் தூக்கியது. அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"நீ வாங்கிக் குடுத்தா அது உன் வூட்டு விருந்து அண்ணாத்த. கறி துன்ன வழியில்லாமயா கீறோம் நாங்க? ரூஃபு சோறு வூட்டுக்காரன்தான் போடணும். அந்தாளு வாயால ரூஃபுன்னு சொல்லிட்டுப் போடட்டும், நாளைக்கே வந்து பிரிச்சிட்டுப் போறோம்."

பொட்டலங்களைத் தெருப் பிள்ளைகள் தின்றார்கள். எல்லப்பன் மறுபடி படூருக்குப் போனான். சதாசிவம் அவன் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். மனிதாபிமான அடிப்படையில் எலுமிச்சை சாதம் ஏற்பாடு செய்யலாம், வேண்டுமானால் எக்ஸ்ட்ரா கூலியும் தரலாம், ஆனால் ஃப்ளோரை ரூஃப் என்று சொல்ல மாட்டேன், அது ப்ரின்சிபிள் என்றார். பின்வீட்டுக்காரன் வேலி தன் பக்கம் ஓரங்குலம் சாய்ந்ததற்கு ஒரு வருஷம் பேசாமல் இருந்த மனுஷன். அவரிடமிருந்து அந்த ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குப் பதில் கருங்கல்லில் நார் உரித்துவிடலாம்.

சென்ட்ரிங் பிரிக்காமல் அப்படியே நின்றுவிட்டது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டெக்குக்கு மேலே, டைல்ஸ்காரன் தனியாக வந்து ஒட்டிவிட்டுப் போன மரம் மாதிரி டைல்ஸ் பளபளத்தது, அதன்மேல் ஒன்றும் முளைக்கவில்லை. அடியில் எல்லாம் முளைத்தது. பலகை ஊறிக் காளான் பூத்தது, ஷீட் துருவெடுத்துக் கல்பாவின பட்டியோ முழுக்கச் செம்மண் நிறத்தில் கோடு கோடாக வழிந்தது, தேரை வந்தது, தேரையைத் தேடிச் சாரை வந்தது. செம்பட்டை நாய் நடுமுட்டுக்குப் பக்கத்தில் குட்டி போட்டது. இத்தனையும் அடியில் இருக்க, வைஷாலி ஒரே ஒரு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள், பாதிக் காபியில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். பிறகு ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டு, கண்ணாடி வழியாக டெக்கைப் பார்த்தபடி காபி குடித்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படத்தில் இருந்த மாதிரியே.

எல்லப்பனும் சிங்கப்பெருமாள் கோயில் வேனில் ஏறினான். மேஸ்திரியாக இல்லை, இன்னொருவனுக்குக் கீழே கொத்தனாராக. கேன்டீன் வரிசையில் அவன் தட்டோடு நிற்கும்போது அம்சா முன்னாலிருந்து குரல் கொடுப்பாள், பிரியாணி வராரு, எடம் வுடுங்க என்று. அந்த ஆட்கள் யாரும் அதன் பிறகு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனும் ஏன் என்று கேட்டதில்லை. சொன்னது அவன்தானே.

சதாசிவம் இன்னும் அதைத் தரை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினோரு மட்டன் பிரியாணி, ஆளுக்கு நாலு துண்டு கறியோடு, இன்னும் பாக்கி.