துளி உறையும் முன்பே

மாமனாரே ஆராய்ச்சிக்கும் வழிகாட்டியாக வாய்த்துவிட்டால் ஒரு பெண் எங்கே போய் முட்டிக்கொள்வாள், சொல்லுங்கள்! பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் "சார்", பொழுது சாய்ந்தால் சாப்பாட்டு மேஜையில் "மாமா". திட்டு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே குரலில் விழும். அந்த மருமகள் வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால் கிளம்பிவிடலாம். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தகராறு ஒரு சொட்டு உலோகத்தைப் பற்றியது. ஐங்கோண ஓடுகளைச் சந்து விடாமல் தரையில் பதிக்க முடியாது. அதனால் சாதாரணப் படிகங்களில் ஐந்து பக்க ஒழுங்குக்கு இடமே இல்லை. குவாசிபடிகம் என்ற அடங்காப்பிடாரியில் மட்டும் அது உண்டு. அந்த ஒழுங்கு எப்போது பிறக்கிறது? உறையும் நொடியில் என்பது மாமனார் கட்சி. "திரவத்துல ஏதும்மா ஒழுங்கு? அது சந்தைக் கூட்டம்" என்பார். திரவத்திலேயே ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் அந்த ஐந்து பக்க ஒழுங்கில் கூடிவிடுகின்றன என்பது இவள் கட்சி. ஒவ்வொரு முறை காட்டும்போதும், "எங்கேயோ தப்பு. இன்னொரு தடவை பண்ணு" என்று இழுத்தடித்தார்.

அன்று அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றிடப் பெட்டிக்குள் துளி மின்புலத்தில் மிதந்தது. ஏதாவது பாத்திரத்தின் சுவர் பட்டால் அங்கேயே சாதாரணப் படிகம் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் இந்த அந்தரத் தொங்கல். துளியை உருக்கிவைத்திருந்த லேசரை அவள் அணைத்தாள். உறைநிலைக்குக் கீழே போயும் துளி திரவமாகவே இருந்தது. எக்ஸ் கதிர் வரைபடத்தில் இரண்டாவது மேட்டின் தோளில் சின்னதாக ஒரு புடைப்பு எழுந்தது. திரவத்திலேயே ஒழுங்கு இருப்பதற்கு அவள் சொன்ன அதே அடையாளம். சூடு குறையக் குறைய அது வளர்ந்தது. பிறகுதான் துளி பளிச்சென்று ஒளிர்ந்து குவாசிபடிகமாக உறைந்தது.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தாம்மா தப்பு. உறையறதுக்கு முன்னாடியே எல்லாம் கூடிடுது."

அப்போதே கையெழுத்தும் போட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரவு மேஜையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இனி ஒவ்வொரு கலவையா பார்க்கணும். நம்ம ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் வேலை இருக்கு!"

"மாமா, அந்த வெளியூர் வேலை..."

"அதுவா? அங்க தலைவரா இருக்கிறவன் என்கிட்ட படிச்சவன்தானே. நீ வரலைன்னு போன வாரமே சொல்லிட்டேன்."

அட மனுஷா! அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

"அப்பா சொன்னாரு. உன் ஆய்வு முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம். நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சோம்."

"எனக்குப் போகணும்னு ஆசையா இருந்துச்சு."

"இங்க உனக்கு என்னம்மா குறை?" என்றார் மாமனார். நிஜமாகவே கேட்டார், அதுதான் கொடுமை. வஞ்சம் இருந்தால் சண்டையாவது போடலாம். இந்த மேஜையில் எப்படிப் பேச்சை எடுப்பது என்று ஒரு வாரமாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அந்த வாரம் முழுக்க இவர்கள் முடித்துவைத்துவிட்டுத்தான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

மாமனார் கை கழுவிவிட்டு வந்தார். "காலையில சீக்கிரம் கிளம்பிடலாம்மா. ஒரே கார்தானே."

"சரி மாமா" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.