முப்பத்தேழு டிகிரியில் ஏழு விநாடி

சைஃப் ஆறு மணிக்கு எழுந்தான். ஆறேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு பக்கெட் பிடித்தான். டீ போட்டு, ஒரு பாவ் ரொட்டியைத் தொட்டுத் தின்றான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். எட்டு மணிக்குக் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, திலக் நகர் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். பதினோரு மாதமாக இதே வரிசைதான்.

அன்றைக்குப் போகிற இடம் மட்டும் வேறு. ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. செம்பூரில் அவன் மனைவி சஃப்ரீன் ஆராய்ச்சி செய்த கூடத்தில் வருடாந்தர சர்வீஸ். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து மூன்றே நாளில் அவள் போய்விட்டாள். வேறு ஆளை அனுப்புங்கள் என்று கம்பெனியில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

கூடத்தின் வாசலிலேயே ரஞ்சனா பிடித்துக்கொண்டாள். சஃப்ரீனோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள்.

"வாங்கோ சைஃப் பாய். நல்ல நாள் பாத்து வந்தேள். சாயங்காலம் சார் ஆராய்ச்சிப் பேப்பரைப் பத்திரிகைக்கு அனுப்பறார். சஃப்ரீன் போட்ட வரைபடத்தை அதுலேர்ந்து எடுக்கப் போறாராம்."

"எதுக்கு?"

"தப்பாம்!"

விஷயம் இதுதான். நம் உடம்பில் காவல் சுற்றும் டி செல்கள் மற்ற செல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கின்றன. ஒவ்வொரு செல்லும் ஒரு புரதத் துண்டை மேலே ஏந்திக் காட்டும். டி செல்லின் ஏற்பி அதைப் பிடிக்கும், விடும். நம்முடையது என்றால் சட்டென்று விட்டுவிடும். அந்நியமானது என்றால் சில விநாடி பிடித்திருக்கும். அதற்குள் உள்ளே செய்தி போய், செல் சண்டைக்குக் கிளம்பிவிடும். சஃப்ரீன் இதை மும்பை லோக்கல் ரயிலை வைத்துச் சொல்வாள். ரயில் வந்ததா என்பது பெரிதில்லை, எத்தனை விநாடி நின்றது? ஆள் ஏற வேண்டாமா? அதனால், தான் சோதித்த இரண்டு துண்டுகளுக்கும் ஸ்டேஷன் பெயரே வைத்தாள். ஒன்று விக்ரோலி, இன்னொன்று மாட்டுங்கா.

கருவியில் அளந்தால் விக்ரோலியை ஏற்பி நாற்பது விநாடி பிடித்தது, மாட்டுங்காவைப் பன்னிரண்டு. அப்படியானால் செல்கள் விக்ரோலிக்குத்தான் துள்ளி எழ வேண்டும். ஆனால் சஃப்ரீனின் படத்தில் மாட்டுங்காவுக்கு எழுந்திருந்தன.

"நானும் செல்லை வெச்சு நாலு தடவை பண்ணிட்டேன். நாலு தடவையும் மாட்டுங்காதான். நீ மாட்டுங்காக்காரி, ஓரவஞ்சனை பண்றேங்கறார் சார்."

சைஃப் சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

ரஞ்சனா ஒரு நோட்டை நீட்டினாள். "அவளோடது. ஓரத்துல பூரா தமிழ்ல எழுதி வெச்சிருக்கா. நேக்குப் பேசத்தான் வரும். படிக்கறது 'அ'னா 'ஆ'வன்னாவோட சரி."

"சாருக்கு?"

"அவர் நாக்பூர்ல படிச்சவர். என்னைவிட மோசம்."

அவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். காய்ச்சலுக்கு முந்தின நாள் தேதி. ஓரத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'மெஷின் அளக்கிறது 25 டிகிரியில். செல் வேலை செய்வது உடம்புச் சூட்டில், 37. ரெண்டையும் ஒரே சூட்டில் கேட்க வேண்டும். சைஃபிடம் சொல்லணும்.'

சைஃப் கருவியைப் பார்த்தான். அதன் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர், அவன் கையெழுத்தில்: '25. யாரும் மாற்றக் கூடாது.' சூடு ஏறினால் கரைசலில் குமிழி வரும், குமிழி வந்தால் போன் வரும். அதனால் போகிற கூடத்தில் எல்லாம் இதை ஒட்டிவிட்டு வருவான்.

"வீட்டுல ஒரு நாளு என் பேச்சக் கேட்டதில்ல. இதப் போயி கேட்டிருக்கா பாருங்க."

"கேட்டாளா? எங்களையும் தொட விடலை! 'எங்க வீட்டுக்காரரு ஒட்டினது, கை வச்சா தெரியும்'னா."

அவன் நகத்தால் ஸ்டிக்கரைப் பிய்த்தான். கரைசலில் இருந்த காற்றைப் பம்பு வைத்து வெளியேற்றினான். சூட்டை மெல்ல ஏற்றினான். இரண்டு மணி நேரம் பிடித்தது. நடுவில், அந்தக் கூடத்தின் தலைவர் வைத்தீஸ்வரன் சார் எட்டிப் பார்த்தார்.

"சர்வீஸ் இன்னும் முடியலையா?"

"ஒரு தப்பு இருந்துச்சு சார். என்னோடதுதான். சரி பண்ணிட்டிருக்கேன்."

"நாலு மணிக்கு நான் அனுப்பிடுவேன்."

மூன்றேகாலுக்கு ரஞ்சனா விக்ரோலியைச் செலுத்தினாள். திரையில் கோடு ஏறியது, உடனே சரிந்தது. இரண்டு விநாடி. சூட்டில் அதன் பிடி கழன்றுவிட்டிருந்தது.

"அரே!" என்று ரஞ்சனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து மாட்டுங்கா. கோடு ஏறியது. நின்றது. நிதானமாக இறங்கியது. ஏழு விநாடி.

செல்கள் பொய் சொல்லவில்லை. எது அதிக நேரம் பிடிக்கிறதோ அதற்கே எழுந்திருந்தன. நாம்தான் ஒரு கேள்வியைக் குளிரிலும் இன்னொன்றைச் சூட்டிலும் கேட்டிருந்தோம்.

"மாட்டுங்கா ஜிந்தாபாத்!" ரஞ்சனா போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். இன்னும் இரண்டு முறை அளந்தார்கள். மறுபடியும் இரண்டும் ஏழும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பேப்பர் இன்னிக்குப் போக வேண்டாம். புது அளவோட போகட்டும். சஃப்ரீன் படத்தை எடுக்காதே. முதல் படமாப் போடு."

யாரோ ஜிலேபி வாங்கிவந்தார்கள். சைஃப் இரண்டு தின்றான். இனிப்பு இனிப்பாகவே இருந்தது. மூன்றாவதையும் எடுத்தான்.

சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பேப்பர் கடைசியில அவளைப் பத்தி ரெண்டு வரி எழுதணும். 'வேலையை முடிங்கோ'ன்னுதான் கடைசியாச் சொன்னாளாமே? அதைப் போட்டுடலாமா?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் சொல்லல சார்," என்றான் சைஃப்.

அந்தக் கடைசி நாளில் அவன் வேலையிலிருந்து கம்பெனிச் சட்டையோடு நேரே வார்டுக்கு ஓடியிருந்தான். ஊசி குத்திய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சஃப்ரீன் சிரித்தாள். அப்போது அவள் சொன்னதை அப்படியே சாரிடம் சொன்னான்.

"வீட்டுக்குப் போயி சட்டைய மாத்திட்டு வாங்க. அந்த நர்சு உங்கள ஏசி ரிப்பேருக்கு வந்த ஆளுன்னு நெனச்சிக்கிட்டிருக்கா."