நெட்டையைப் பிடி

"உங்க வீட்டுக்காரர் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கார்மா" என்றார் சலவை ஆலையின் பாதுகாப்பு அதிகாரி.

அழுது வீங்கியிருந்த அக்காவின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்து போனது. பாவம், அதை நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டிலில் அத்தான் கிடந்தார். மூக்கையும் வாயையும் பிளாஸ்டிக் முகமூடி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் யாரோ தகரத்தைச் சுரண்டுவது போலச் சத்தம். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் அந்த ஆலையில் அவருக்கு ரசாயன அறையில் வேலை. வெளுக்கும் திரவம் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த வாளியில் அமிலத்தை ஊற்றிவிட்டார். குபீரென்று கிளம்பிய புகை, மனிதர் கதவைத் தேடிப் பிடிப்பதற்குள் நுரையீரலைப் பொசுக்கிவிட்டது.

"இதெல்லாம் ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சியில இருக்கிற விஷயம். போன மாசம்தான் முடிச்சார். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில்." அதிகாரி செருமிக்கொண்டார். "அதனால, தெரியாம நடந்துச்சுன்னு சொல்ல வழியில்லை. தெரிஞ்சும் அலட்சியமா இருந்துட்டார்னு ஆகுது. வியாழக்கிழமை லேபர் ஆபீஸ்ல விசாரணை. அங்கேயும் அப்படியே முடிவாச்சுன்னா வைத்தியமும் ஆலை பொறுப்பில்லை, வேலையும் இல்லை. நான் என்னம்மா பண்ணட்டும்?"

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அக்கா தங்கை பக்கம் திரும்பினாள்.

"நூறு வாங்கினது ஒரு தப்பாடி?"

அந்தப் பயிற்சியை உருவாக்கியவளே தங்கைதான்.

ஆன்லைன் பாடங்கள் தயாரித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. லாரி ஓட்டுநர், வங்கி எழுத்தர், ஆலைத் தொழிலாளி என்று யாருக்கு எது தெரிய வேண்டுமோ, அதைப் படமும் குரலும் கேள்வியுமாகத் திரையில் அடுக்கிக் கொடுப்பாள். அத்தான் அவளுக்கு வைத்த பெயர் 'டீச்சரம்மா'. சலவை ஆலைக்கான பாடமும் அவள் கைக்கே வந்தபோது, "இனிமே என் மச்சினி சொன்னாத்தான் நான் வாளியையே தூக்குவேன்" என்று ஆலை முழுக்கத் தம்பட்டம் அடித்தவர் அவர்.

இப்போது அவர் கையைத் தொட்டு எழுப்பினாள்.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பரீட்சையில எப்படி நூறு வாங்கினீங்க?"

அவர் முகமூடியைச் சற்றே தூக்கினார். "ஏன்... நாங்கல்லாம் வாங்கக் கூடாதா டீச்சரம்மா?"

"விளையாடாதீங்க. பாடத்தைப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாடம் போன்ல, சட்டைப் பையில ஓடிச்சு. நான் பாட்டுக்கு வாளி தூக்கிக்கிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கினார். "பரீட்சைக்கு... நெட்டையப் புடிச்சேன்."

"நெட்டையா?"

"நாலு பதில் வருதுல்ல? அதுல எது நெட்டையோ, அதைத் தட்டணும். ஆலையில எல்லாரும் அப்படித்தான். யோசிச்சு எழுதினவன் ரெண்டு தடவை ஃபெயிலு. நெட்டையப் புடிச்சவன் ஒரே தடவையில பாஸு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உன் பாடமாச்சே... மனசு சங்கடப்படுவியேன்னு..."

சிரிக்கப் போனது இருமலாக மாறியது. நர்ஸ் ஓடி வந்து முகமூடியை அழுத்தினாள். "யாரும்மா அவரைப் பேச வைக்கிறது? வெளியே போங்க!"

வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். முதல் கேள்வி. மூன்று தவறான பதில்கள்: 'ஓடிவிடுவேன்.' 'சும்மா இருப்பேன்.' 'நண்பரைக் கேட்பேன்.' நான்காவது: 'நிறுவனத்தின் பாதுகாப்பு நடைமுறைக்கும் தயாரிப்பாளரின் அறிவுறுத்தலுக்கும் உட்பட்டு, உரிய கலனை உரிய முறையில் மட்டுமே பயன்படுத்துவேன்.'

அடுத்த கேள்வியும் அதே கதை. அதற்கடுத்ததும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன்கூடக் கண்ணை இடுக்கிக்கொண்டு பாஸாகிவிடலாம்.

தெரியாமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. வேலை தொடங்கியபோது அவள் முதலில் கேட்டது, "அந்த ரசாயன அறையை நான் பாக்கணும் சார். எங்கே கை தவறும், யார் எதை அவசரத்துல மாத்தி எடுப்பாங்கன்னு தெரிஞ்சாத்தான் பாடம் எழுத முடியும்" என்பதுதான். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? ஃபைல் அனுப்பறேன், பாடமாக்கிக் கொடுங்க" என்று இதே பாதுகாப்பு அதிகாரி கையை விரித்துவிட்டார்.

இருந்தும் ஒரு மாதிரிப் பாடம் போட்டுக் காட்டினாள். திரையில் ஓர் அறை, சில கலன்கள். தொழிலாளியே விரலால் எடுத்து ஊற்ற வேண்டும். தப்பாக ஊற்றினால் திரையில் புகை வரும். ஏன் வந்தது என்று குரல் சொல்லும். மறுபடி ஊற்றிப் பார்க்கலாம். மறந்துபோகும் சமயம் பார்த்து, அடுத்த வாரம் போனில் இன்னொரு கேள்வி வரும். யாருக்கும் மூச்சு முட்டாமல் தப்புச் செய்து பழகிக்கொள்ள ஓர் இடம்.

ஆலைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. சீக்கிரம் முடிய வேண்டும், எல்லாரும் பாஸாக வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பிறகு ஆலையின் வக்கீல் வந்தார். நாளைக்கு யாரும் ஆலையைக் குறை சொல்லிவிடக் கூடாதென்று ஒவ்வொரு சரியான பதிலிலும் சட்டத்தைத் திணித்து நீளமாக ஊத வைத்தார். தவறான பதில்கள் இன்னும் எழுதப்படாமல் கிடந்தன. ஒப்படைக்கும் நாளன்று சாப்பாட்டுக்கு முன்னால், வாய்க்கு வந்ததைத் தட்டி நிரப்பினாள்.

பாஸானவர்கள் நூறு சதவீதம் என்று வரைபடம் வந்தபோது அலுவலகமே கை தட்டியது. அவளும் சேர்ந்து தட்டினாள். முடிவில் எல்லாருமே பாஸாகிவிடும் பரீட்சை என்ன பரீட்சை என்று அன்றைக்கு அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய மேலாளர் போனில் எகிறினார்.

"விசாரணையில நீ வாயைத் திறக்காதே. நம்ம பாடம் ஓட்டைன்னு நாமளே சொன்னா, நாளைக்கு எவன் நமக்கு வேலை கொடுப்பான்?"

"சார், அவர் எங்க அத்தான்."

"அதனாலதான் சொல்றேன். வீட்டு ஆளுக்காகக் கதை விடறான்னு சொல்லுவாங்க. பேசாம லீவைப் போட்டுட்டு ஆஸ்பத்திரியில உக்காரு."

"நான் போகத்தான் போறேன் சார்."

"தாராளமாப் போ. அப்படியே வீட்டுக்குப் போயிடு, இங்கே திரும்பி வராதே."

வியாழக்கிழமை. நீள மேஜை, மூடிய ஜன்னல், தண்ணீர் பாட்டில்கள். விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண்மணி. எதிரே சலவை ஆலையின் பாதுகாப்பு அதிகாரி, பக்கத்தில் அதே வக்கீல். அத்தானுக்காக வந்தவள் இவள் ஒருத்திதான்.

"நீங்க அவருக்குச் சொந்தம்னு சொல்றாங்களே?"

"ஆமா மேடம், என் அக்கா வீட்டுக்காரர். அதனால என் பேச்சை நீங்க நம்ப வேண்டாம். அவர் எழுதின பரீட்சையை நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க."

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதிகாரி கண்ணாடியை இறக்கிக் குனிந்தார்.

"என்னம்மா இது? ஒரே 'ழ'வா இருக்கு?"

கேள்வியிலும் பதில்களிலும் இருந்த எல்லா எழுத்தையும் அழித்து, அந்தந்த இடத்தில் 'ழ' போட்டிருந்தாள். நீளம் மட்டும் பழையபடி. ழழழழ ழழழழழழ. ழழ ழழழ.

"மேடம், இது கூத்து! நேரத்தை வீணடிக்கறாங்க" என்றார் வக்கீல்.

"கூத்துதான் சார். உங்க வாக்கியத்துல கூட்டாம குறைக்காம அப்படியே அளவெடுத்துப் போட்டிருக்கேன்."

"எனக்குச் சலவையைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதேம்மா" என்றார் விசாரணை அதிகாரி.

"தெரிய வேண்டாம் மேடம். எது நெட்டையோ, அதைத் தட்டுங்க."

தட்டினார். மறுபடி தட்டினார். போகப் போக விரல் வேகம் பிடித்தது. கடைசிக் கேள்வி முடிந்ததும் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் சொரிந்தன. எக்காளம் முழங்கியது. 'வாழ்த்துகள்! நூற்றுக்கு நூறு! நீங்கள் இப்போது பாதுகாப்பான பணியாளர்!'

யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் விழுங்கிக்கொண்டார்கள். அந்த எக்காளத்தைத் தேடிப் பிடித்துப் போட்டதும் அவளேதான்.

"இந்தப் பாடத்தை யார் செஞ்சது?" அதிகாரியின் குரல் மாறியிருந்தது.

"நான்தான் மேடம். பதிலை ஊத வெச்சது அவங்க. மத்த மூணையும் ஒப்புக்கு எழுதிப் போட்டது நான். எல்லாரும் பாஸானப்போ, ஏன்னு கேக்காம விட்டதும் நான்."

சாயந்திரமே முடிவு வந்தது. தொழிலாளி அலட்சியமாக இருக்கவில்லை; அவருக்கு எதுவுமே கற்பிக்கப்படவில்லை. வைத்தியம் ஆலையின் பொறுப்பு. வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பாடத்தை உருவாக்கியவரின் கவனக்குறைவே காரணம். பாதுகாப்பு அதிகாரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மடிக்கணினியை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று மேலாளரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா முடிவைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ யார் மேல தப்புன்னு முடிவு பண்ணினாங்க?"

"என் மேலக்கா."

அக்கா கண் துடைத்த முந்தானையைக் கீழே விட்டாள்.

"இத்தனை நாளா அந்த ஆலைக்காரங்களை வாய் வலிக்கத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீயும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியேடி."

"வைத்தியம் நிக்காதுக்கா. அதுக்காகத்தான்..."

"வைத்தியம் நிக்காது. மூச்சு? இனிமே மாடிப்படிகூட ஏற முடியாதுன்னு டாக்டர் காலையில சொல்லிட்டுப் போனார். அதுக்கு யாரை விசாரிக்கறது?"

எழுந்து கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கணவரின் போர்வையைச் சரி செய்தாள். சரியாகவே இருந்த போர்வை.

அத்தான் கண் திறந்திருந்தார். முகமூடியை விரலால் தூக்கினார்.

"அவ கிடக்கா, விடு. டீச்சரம்மா... ஒரு சந்தேகம்."

"பேசாதீங்க அத்தான்."

"அந்த வாளிய... கழுவிட்டு ஊத்தியிருக்கணுமா? இல்ல, வேற வாளியே எடுத்திருக்கணுமா?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் அந்த வாக்கியம் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. உரிய கலனை உரிய முறையில் மட்டுமே. எது உரிய கலன்? அந்த அறையில் எத்தனை வாளி, குழாய் எந்தப் பக்கம், எதிலாவது பெயர் எழுதி ஒட்டியிருந்ததா? அவள் அந்த அறையைப் பார்த்ததே இல்லை.

"தெரியலை அத்தான்" என்றாள்.

"பரவாயில்லை... நெட்டையா ஏதாவது சொல்லு" என்றார் அவர். சிரிக்க முயன்றார். முகமூடிக்குள் ஆவி படிந்து முகம் மறைந்தது.

அக்கா நிமிர்ந்து பார்க்காமல், போர்வையை மறுபடி முதலிலிருந்து சரிசெய்யத் தொடங்கினாள்.