உள்ளே ஓட வேண்டிய காட்சி

கையை இறக்கினாள் டைரக்டர் கிளேர். தகரக் கொட்டகைக்குள்ளிருந்து டமாரென்று ஒரு சத்தம், பின்னாலேயே குபுகுபுவென்று புகை. முத்துமாரி ஓடினாள். நன்றாகத்தான் ஓடினாள், ஆனால் கொட்டகைக்கு எதிர்ப்பக்கமாக. கேமராவையும் தாண்டி, வெம்பக்கோட்டை ரோட்டைப் பார்த்துத் தலைதெறிக்க.

"கூப்பே!" என்றாள் கிளேர். நிறுத்து என்பதற்கு பிரெஞ்சில் அதுதான் வார்த்தை என்று காலையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஏழாயிரம்பண்ணை சனத்துக்கே மனப்பாடமாகியிருந்தது.

படம் முழுக்க பிரெஞ்சு. பாரிஸில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஒருத்தி, பெற்றவளைத் தேடி இந்தப் பக்கம் வருகிறாள். பெற்றவளோ பட்டாசுத் தொழிலாளி. தீப்பிடித்த அறைக்குள் தோழியைக் காப்பாற்ற ஓடிப்போய் இறந்தவள். மகளாக நடிக்கிற எலீஸ் அந்த நாட்டில் பெரிய நடிகையாம். இங்கே நுங்கு தின்றே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மட்டும் நடிகை வேண்டாம், பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற முகம்தான் வேண்டும் என்று கிளேர் ஒவ்வொரு வேனாக ஏறி இறங்கி முத்துமாரியைப் பிடித்திருந்தாள். சீசனில் லீவு போட்டதற்கு போர்மேன் கத்தினார். வீட்டுக்காரன் பாண்டிமுருகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து இவளைத்தான் வேண்டும் என்று யாரும் எதற்கும் கேட்டதில்லை. இந்த வேஷத்தை விட அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் கால் கேட்க வேண்டுமே. சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடு, திரும்பிப் பார்க்காதே என்பதுதான் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"அக்கா, இது பொய்ப்புகை. உள்ள வெடிமருந்தே கிடையாது" என்றாள் ஜாஸ்பின். விருதுநகர்ப் பெண், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவள், இங்கே மொழிபெயர்ப்பாளர்.

"எனக்குத் தெரியுது பாப்பா. காலுக்குத் தெரியலயே."

கிளேர் ஏதோ சொன்னாள். ஜாஸ்பின் முகம் சுருங்கியது. "இன்னும் ஒரு தடவதான் எடுப்பாகளாம். சரியா வரலன்னா, மதுரையில இருந்து ஒரு நாடகக்காரம்மாவ வரச் சொல்லியிருக்காக."

அப்போதுதான் கூட்டத்தில் நடிக்க வந்தவர்களிலிருந்து செல்லக்கனி எழுந்து வந்தாள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அறை. முன்பு ஒரு நாள் அந்த அறை தீப்பற்றியபோது முத்துமாரி முதலில் வெளியே விழுந்தாள். பின்னால் வந்த செல்லக்கனிக்கு வலது கை தோள்வரை வெந்துபோனது. அதற்குப் பிறகும் சேர்ந்துதான் வேனில் போகிறார்கள், சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் இவள் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை.

"ஏம் பாப்பா, ஆளில்லாத கொட்டகைக்குள்ள இவ எதுக்கு ஓடுவா? நான் உள்ள போயி உக்காந்துக்கிறேன்" என்றாள் செல்லக்கனி.

"வேண்டாம் மதினி."

"ஏளா மாரி, அன்னைக்கு நீ நின்னிருந்தா ரெண்டு பேரும்ல போயிருப்போம்? ஓடுனது சரிதான். இது சினிமா. இப்ப வா."

சொல்லிவிட்டுக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முத்துமாரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சத்தம். புகை. கால் பழக்கதோஷத்தில் ரோட்டுப் பக்கம் ஓரடி வைத்தது. உள்ளே செல்லக்கனி இருமினாள். முத்துமாரி நின்றாள், திரும்பினாள், கொட்டகைக்குள் பாய்ந்தாள்.

வாசலைத் தாண்டி அவள் மறைவதோடு காட்சி முடிய வேண்டும். கிளேர் வாயைத் திறந்தாள். அதற்குள் புகையைக் கிழித்துக்கொண்டு இரண்டு பேர் வெளியே வந்தார்கள். செல்லக்கனியின் வெந்த கையை முத்துமாரி இறுகப் பிடித்திருந்தாள்.

"விடுளா, சேல அவுருது!"

முத்துமாரி விடவில்லை. கிளேர் வாயை மூடிக்கொண்டு, நிறுத்தாதே என்று கேமராக்காரனுக்குக் கையைக் காட்டினாள். அவன் கேமராவை மெல்லத் திருப்பினான். அறுத்த சோளத்தட்டைக் காட்டுக்குள், ஒருத்தி அழுதுகொண்டும் ஒருத்தி திட்டிச் சிரித்துக்கொண்டும், இருவரும் கைகோத்து ஓடிக்கொண்டே இருந்தார்கள்.