முப்பத்துநாலாம் குழாய்

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு மூன்று வருடம் விருந்தே கிடைத்தது. இரண்டு வெளிநாட்டு மாநாடுகள், ஒரு விருது, வெள்ளவத்தையில் என் ஃபிளாட் இருக்கிற குறுகிய ஒழுங்கைத் தெரு முழுக்க "புரொஃபெசர்" என்ற மரியாதை. எல்லாம் ஒரு விரல் தடிப்புள்ள வெள்ளைக் குழாயால் வந்தவை.

நான் இரசாயனப் பொறியியலாளன். சந்தைக் கழிவை மூடி அழுகவிட்டால் உயிர்வாயு வரும். அதில் எரிகிற மெதேனோடு எரியாத கரியமில வாயுவான காபனீரொட்சைட்டும் கலந்திருக்கும். இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு செராமிக் குழாயின் மேல் ஸியோலைட் என்கிற பளிங்கை மெல்லிய தோலாக வளர்க்கிறோம். மா சலிக்கிற அரிதட்டு மாதிரித்தான், சின்ன வாயு உள்ளே போகும், பெரியது வெளியே நிற்கும். வளர்ப்பதற்கு முன் விதைப்பொடியைக் குழாயின் மேல் விரலால் சீராகத் தேய்க்க வேண்டும். வளர்ந்த பிறகு துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும், வளர்ப்பதற்காகச் சேர்த்த சேதனப் பொருளை உலையில் மெல்ல மெல்லச் சூடாக்கி எரிக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் வெடித்துவிடும்.

விரலால் தேய்க்கிற வேலை ஆதிலாவுடையது. கொட்டாஞ்சேனைக்காரி, என்னிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்து ஆராய்ச்சி செய்தவள். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்பதென்றாலும் மூன்று நாள் யோசிப்பாள்.

2022 ஏப்ரல். நாட்டில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் நன்றாக நினைவிருக்கிறது. நோன்பு மாதம். முப்பத்துநாலாம் குழாய் உலைக்குள் இருந்தபோது கரண்ட் இரண்டு தடவை போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆதிலா உலைக்குப் பக்கத்திலேயே இருந்து, போன நேரம், வந்த நேரம், உலை எத்தனை பாகைக்கு இறங்கியது என்று எல்லாவற்றையும் ஆய்வுக் கொப்பியில் எழுதி வைத்தாள். குழாய் நாசம் என்றுதான் நினைத்தேன். கடமைக்கு வாயுவை விட்டுப் பார்த்தோம். அதுவரை எங்களுக்கு வந்ததைப்போல ஆறு மடங்கு சுத்தமாகப் பிரித்தது. மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் அதே எண்.

"இந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதும். கரண்ட் போன கதை வேண்டாம்," என்றேன்.

"ஏன் சேர்?"

"வெளியில வாசிக்கிறவன் நாங்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில ஆராய்ச்சி செய்யிறம் எண்டு சிரிப்பான்."

"அதாலதான் இப்பிடி வந்திருந்தா?"

"விசர்க் கதை கதையாதையும்."

அவள் எழுதினாள். பழைய பக்கத்தை நானே கிழித்தேன். நாட்டின் வறுமை வெளியே தெரியக்கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய வெட்கம். அதைவிடப் பெரிய வெட்கங்கள் உண்டென்று தெரியாது.

கட்டுரை வெளியானது. அதன் பிறகு முப்பத்தைந்தாம் குழாயிலிருந்து அறுபத்தொன்றாம் குழாய் வரை எதுவும் சரிவரவில்லை. உலகம் கைதட்டிய செய்முறை என்னுடையது, அதில் பிழை இருக்க முடியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை விட்டுவிட்டு ஆதிலாவின் கையில் பழியைப் போட்டேன். துறையின் முன்னேற்றக் கூட்டத்தில், எட்டுப் பேருக்கு முன்னால், "இவவுக்குக் கை சரியில்லை. இது ரொட்டி தட்டுற வேலையில்லை," என்றேன். நான்கு பேர் சிரித்தார்கள். அவள் கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். பதிவை நீடிக்கிற நேரம் வந்தபோது அறிக்கையிலும் அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதினேன். பதிவு நீடிக்கப்படவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன மாதம் கொரியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் முறைப்படி பதினொரு குழாய்கள் செய்தோம், ஒன்றும் வரவில்லை, சூடாக்கும்போது இடையில் ஏதாவது தடை ஏற்பட்டதா என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்கள். வாசித்ததும் நேரே உலைக்கு முன்னால் போய் நின்றேன். எங்கள் உலையின் மணிக்கூடு பற்றரியில் ஓடுவது. கரண்ட் இல்லாத நேரத்தையும் அது எரித்த நேரமாகவே எண்ணியிருக்கும். அப்படியென்றால் துளைகளுக்குள் இருந்தது முழுதாக எரிந்திருக்காது. ஓரங்களில் மிஞ்சி, துளையை இன்னும் ஒடுக்கியிருக்கும். ஆதிலா அன்று கேட்டது சரியான கேள்வி. ஆனால் கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஆதிலாவின் உம்மா சமீமா கதவைத் திறந்து, "சேர் வந்திருக்கார்!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். அவ்வளவு சந்தோசம். எனக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போலிருந்தது.

நான் கேட்டதும் ஆதிலா யோசிக்கவேயில்லை.

"நினவிருக்கி சேர். மொதல்ல ரெண்டு மணிக்குக் கரண்ட் போன, நாலு இருவதுக்கு வந்த. திரும்ப ஆறு மணிக்குப் போன, எட்டரைக்குத்தான் வந்த. நோன்பு தொறக்கிற நேரம் நல்ல இருட்டு. டோர்ச் அடிச்சு மீட்டரப் பாத்த. நூத்தித் தொண்ணூறுக்கு எறங்கின."

நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். சமீமா தேநீர் கொண்டுவந்தார். "இவ பீங்கான் கோப்பயத் தொட மாட்டா சேர். கை சரியில்லயாம், ஒடச்சிருவாவாம். வீட்ல எல்லாம் நான்தான் ஊத்துற," என்று சிரித்தார்.

ஆதிலா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் கெடுத்த குழாய்களுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க சேர். நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க," என்றாள்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. பரிசோதித்து நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொன்னேன். தேநீரைக் குடித்து முடித்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"பரவாயில்லை, விடும்," என்றேன்.

மன்னித்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

அடுத்த நாள் விதைப்பொடியை நானே தேய்த்தேன். என் கை அவளுடைய கையைவிட மோசம். பொடி திட்டுத்திட்டாக ஒட்டியது. குழாய் வளர்ந்து உலைக்குள் போனதும், அவள் சொன்ன நேரங்களுக்கு உலையின் சுவிட்சை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். அறுபத்திரண்டாம் குழாய் முப்பத்துநாலாம் குழாயைப் போலவே பிரித்தது. வாழ்க்கையில் ஒரு சரியான விடையைப் பார்த்து நான் அழுதது அன்றுதான்.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை முன்னேற்றக் கூட்டம். அதே எட்டுப் பேர். பக்கத்தைக் கிழித்தது நான், பொய்யான பக்கத்தை எழுத வைத்தது நான், ஆதிலாவின் கையில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். கட்டுரையை மீளப் பெறும்படி எழுதிய கடிதத்தையும் மேசையில் வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் துறைத் தலைவர் கடிதத்தை எடுத்து வாசித்தார். "அந்தப் பிள்ளையின்ர பழைய பதிவு முடிஞ்சுது. விரும்பினா முதலாம் வருசத்திலயிருந்து திரும்பத் தொடங்கலாம்," என்றார்.

மாலையில் ஆதிலாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"தெரியும் சேர். ரெண்டு பேர் ஃபோன் எடுத்துச் சொல்லிட்டாங்க," என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள், "உம்மா பக்கத்தில இருக்கா. அவக்கும் நீங்களே சொல்லுங்க," என்று ஃபோனைக் கொடுத்துவிட்டாள்.

உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன்.

"அக்கா, உங்கட மகளின்ர கை நல்ல கை. பிழை செய்தது நான். பிழையை அவவின்ர தலையில போட்டதும் நான். அண்டைக்கு உங்கட வீட்டில வந்திருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லாமல் போனதும் நான்தான்."

திரும்பவும் பதிந்து படிக்கலாம், முதலாம் வருடத்திலிருந்து, நான் எல்லா உதவியும் செய்வேன் என்று அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன்.

"அப்ப இவட இந்த மூணு வருசம் சேர்?" என்று சமீமா கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். நான் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவர் வைத்துவிடவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.