பிணத்துக்கு வசனம் இல்லை

தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் விஜயகலா, மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு நாடகம் எழுதினாள். கொழுந்து நிறுக்கும்போது தராசில் தொங்கும் சாக்கை முழங்காலால் தாங்கி எடையைக் குறைக்கிற கணக்கப்பிள்ளை, அதைக் கண்டுபிடித்த கிழவிக்குப் பிளேன்டீயில் விஷம் வைக்கிறான். கடைசியில் இன்ஸ்பெக்டர் நாலு பக்கம் பேசிக் குட்டை உடைப்பார். அந்த நாலு பக்கத்தையும் தானே பேச வேண்டும் என்று எழுதும்போதே மனப்பாடம் செய்திருந்தாள்.

தோட்டத்தில் நாடகமானாலும் சாவானாலும் முன்னே நிற்கும் மன்றத் தலைவர் பழனியாண்டி பெருந்தன்மையானவர். நல்ல வேஷம் எதையும் அடுத்தவர் தலையில் கட்டமாட்டார்.

"பொம்பள இன்ஸ்பெக்டர்னா சனம் நம்பாது தங்கச்சி. நானே செஞ்சிர்றேன், சரியா? நீ கிழவி பொணமா படுத்துக்க. வசனமே இல்ல, லேசு."

விஜயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணமாகப் படுக்க வேறு யாரும் சம்மதிக்காததால் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்து அசல் கணக்கப்பிள்ளை முன் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

நாடகப் பிணத்தை ஏனோதானோவென்று கிடத்தினால் போதாதா? நம் ஆட்களுக்கு அது வராது. தெற்கே தலை, நாடிக்கட்டு, தலைமாட்டில் விளக்கு என்று முறை தவறாமல் செய்தார்கள். அதைப் பார்த்த பிறகு ஒப்பாரிக்குப் பேர்போன வெள்ளையம்மாவுக்கு உட்கார முடியவில்லை. கொண்டையை அவிழ்த்துக்கொண்டு மேடையேறினாள். பின்னாலேயே பத்துப் பெண்கள். ஒப்பாரியை நடுவில் நிறுத்தச் சொல்ல அந்தத் தோட்டத்தில் யாருக்கும் வாய் வராது.

இன்ஸ்பெக்டர் பழனியாண்டி, தொப்பிக்குள் ஒட்டியிருந்த வசனத்தைத் தேடினார். வியர்வையில் அழிந்திருந்தது. இருபது வருஷமாக ஒப்பாரி கேட்டதும் என்ன செய்வாரோ, அதையே செய்தார். மைக்கைப் பிடித்தார்.

"அடக்கம் நாளைக்கு மூணு மணிக்கு. குழி வெட்ட லயத்து வரிசைக்கு ரெண்டு பேரு வந்துருங்க."

முன் வரிசைக் கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். கொலைகாரன் பேரைச் சொல்லாமலே தன்னைப் புதைக்கப் போகிறார்கள் என்று விஜயகலாவுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. நாடிக்கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"குழி இருக்கட்டும் தலைவரே. என்னயக் கொன்னது யாருன்னு ஒருத்தரும் கேக்கலயே."

செத்தவள் எழுந்ததைப் பார்த்து யாரும் ஓடவில்லை. வெள்ளையம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "சொல்லு ஆத்தா," என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

விஜயகலா நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் பேசினாள். சாக்குக்கு அடியில் முழங்கால் எப்படிப் போகும் என்று செய்தும் காட்டினாள். கணக்கப்பிள்ளையின் சிரிப்பு இரண்டாம் பக்கத்திலேயே நின்றுபோனது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிணத்தின் பேச்சைக் கைகட்டிக் கேட்டார்.

மறுநாள் காலை நிறுவையைப் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் நின்று விஜயகலா பார்த்தாள். முதல் ஆளாக நின்ற வெள்ளையம்மா சாக்கைத் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை வழக்கம்போல் நெருங்கி வந்தார்.

"தள்ளி நில்லுங்க ஐயா," என்றாள் வெள்ளையம்மா. "அங்கேருந்தே தராசு முள்ளு நல்லா தெரியும்."