மடிக்கணினி அணைந்ததற்கான காரணம்

1.

இருந்தவர்கள்: நீள சோபாவின் சன்னலோர முனையில் என் தங்கை. மறுமுனையில் அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை. இருவருக்கும் நடுவே, வெல்வெட் மெத்தையின் மேல், அந்த மடிக்கணினி. அந்த வீட்டில் இருப்பதிலேயே நல்ல இடம் அதற்குத்தான். எதிரே ஒற்றை நாற்காலியில் கணினி பழுதுபார்ப்பவர். சாப்பாட்டு மேசையில், தாளும் பேனாவுமாக நான். வாசற்கதவில் சாய்ந்தபடி மாடி வீட்டுக்காரர். அவரை யாரும் கூப்பிடவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

இப்படித் தொடங்குவது கதை எழுதுகிறவன் பழக்கமல்ல, கடிதம் எழுதுகிறவன் பழக்கம். குடும்பத்தில் எவருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யார், யாருக்கு, எங்கிருந்து என்று வரிசைப்படுத்தாமல் எனக்குப் பேனா ஓடாது.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடிதத்தில் இடம் கிடைக்காமல் மிஞ்சியதுதான் இது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட என் தங்கை, மறுபடி வேலை தேடி எங்கெங்கோ விண்ணப்பித்தாள். பதில் போட்டது ஒரே ஒரு காப்பீட்டு அலுவலகம். வீட்டிலிருந்தே கணினியில் தேர்வு. எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் மடிக்கணினி செத்துப்போனது. மறுதேர்வு வேண்டுமென்றால், இயந்திரம் ஏன் அணைந்தது, இனி அணையாது என்பதற்கு என்ன உறுதி என்று விளக்கி, கையெழுத்திட்ட கடிதம் தபாலில் வர வேண்டும் என்றது அலுவலகம்.

(தேர்வைக் கணினியில் வைப்பார்களாம், விளக்கத்தைத் தாளில் கேட்பார்களாம். சிரிக்காதீர்கள். அங்கேதான் அவள் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள்.)

2.

முதல் தொடக்கம்: "அனலில் தகித்துக்கொண்டிருந்தது அந்த இயந்திரத்தின் இதயம், அதன்—"

[வேண்டாம். இயந்திரத்துக்கு இதயம் வைக்கிறவன் அடுத்த பத்தியில் கண்ணீரும் வைப்பான்.]

இரண்டாம் தொடக்கம்: "மின்சாரம் என்பது மனிதனுக்கு—"

[என்னவாக இருந்தால் எனக்கென்ன.]

மூன்றாவதில் பழுதுபார்ப்பவர் வாயைத் திறக்கிறார். இதை வைத்துக்கொள்வோம்.

"போர்டு போச்சு சார்."

"நீங்க இன்னும் தொடவே இல்லையே?" என்றாள் தங்கை.

"தொடணுமா மேடம்? சத்தத்துலயே தெரியுதே."

"அது ஆஃப்ல இருக்கு."

"அதத்தான் சொல்றேன். சத்தமே வரல பாருங்க."

மாடி வீட்டுக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போல ஓரடி உள்ளே வந்தார். "கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுங்க. என் மச்சினன் அப்படித்தான் பண்ணினான்."

"சரியாச்சா?" என்றேன்.

"சரியாகல. ஆனா சூடு குறைஞ்சுதே!"*

* மடிக்கணினியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். இதைக் கதைக்குள் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். என்ன செய்ய, மாடி வீட்டுக்காரர்களை நம்பும் உலகம் இது.

3.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். மாப்பிள்ளையை நீங்கள் நம்புவீர்களா?

அவருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை: வாங்கிய பொருள் வாங்கியபடியே இருக்க வேண்டும். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. சோபாவுக்குக் கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக், இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சடசடக்கும், எழுந்தால் தொடையோடு கூட வரும். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒட்டியிருந்த நீலத்தாள் ஓரம் உரிந்தபோது, அதைக் காப்பாற்ற அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டியவர்.

மிகைப்படுத்துகிறான் என்று நினைப்பீர்கள். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மழையில் நனைந்துவிடும் என்று புதுக்குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார் என்பதை நான் சொல்லவே இல்லை.

மடிக்கணினி வந்த அன்றே, அடிப்புறம் கீறல் விழுந்துவிடுமே என்று பதறி, செல்போன் உறை விற்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கண்ணாடித்தாள் ஒட்டும்போது கடைக்காரர் கேட்டாராம்: "காத்து போற ஓட்டைய மட்டும் வெட்டி விட்டுடட்டுமா சார்?"

"ஓட்டையா? தூசு போயிடும். முழுசா ஒட்டுப்பா."

முழுசாக ஒட்டப்பட்டது. அதற்கும் கீழே வெல்வெட் மெத்தை. காற்று வரவும் வழியில்லை, சூடு போகவும் வழியில்லை. கூடவே வந்த சார்ஜரோ, கம்பியைச் சுற்றிய கட்டுகூட அவிழாமல், பெட்டியோடு பீரோவில் பத்திரமாக இருந்தது. "ரெண்டுக்கும் பின் ஒண்ணுதானே" என்று செல்போன் சார்ஜரைச் செருகிக் கொடுத்திருந்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கேமராவும் தேர்வும் சேர்ந்து ஓடியபோது வந்த மின்சாரம் போதாமல், செருகியிருக்கும்போதே சார்ஜ் இறங்கியது. உள்ளே விசிறி அலறியது. பிறகு திரை கறுத்தது.

இதைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை, புரட்டிப் பார்க்க ஒரு கை போதும். நான் எழுந்து போய்ப் புரட்டினேன்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் பழுதுபார்ப்பவர்.

4.

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார். "மச்சான், கரண்ட் போச்சுன்னு எழுதிடுங்க."

"போகலையே மாப்ள."

"போயிருக்கலாம்ல? எல்லார் வீட்லயும்தான் போகுது."

"லேப்டாப்ல பேட்டரின்னு ஒண்ணு இருக்குங்க" என்றாள் தங்கை. "கரண்ட் போனா உடனே அணையாதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப கம்பெனி மேல போடுங்க, தயாரிப்புக் கோளாறுன்னு. ஊர்பேர் தெரியாதவன் படிக்கிற லெட்டர்ல, வீட்டுக்காரர் தாள் ஒட்டினாருன்னா எழுதுவாங்க? மானம் போகாது?"

நான் இரண்டு பக்கங்கள் எழுதினேன். முதலாவது பொய்: "எதிர்பாராத மின்தடையின் காரணமாக, தங்கள் மேலான—" அதன் நடைக்கு நானே மயங்கினேன். இரண்டாவது உண்மை: "என் கணவரின் அறியாமையால்—" இதில் 'அறியாமை'யை அடித்துவிட்டு 'மூடத்தனம்' என்று எழுதினேன். நன்றாகப் பொருந்தியது. அடிக்கோடும் போட்டேன்.

[இங்கே கதாசிரியன் நியாயவானாகத் தெரிகிறானா? ஏமாறாதீர்கள். அந்தப் பக்கத்தை அவன் தங்கைக்காக எழுதவில்லை. அந்தப் பிளாஸ்டிக் சோபாவில் இத்தனை நாள் உட்கார்ந்து பட்ட பாட்டுக்காக எழுதினான்.]

5.

தங்கை இரண்டையும் வாங்கிப் படித்தாள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுல கரண்ட் மேல தப்பு, இன்னொண்ணுல இவர் மேல தப்பு. நான் எங்க அண்ணா?"

"நீ பாதிக்கப்பட்டவ."

"பாவம் பாத்து யாராவது வேலை குடுப்பாங்களா? அடியில கை வச்சா சுடுதுன்னு எனக்குத் தெரியும். தாள் தெரியும். பீரோல சார்ஜர் இருக்கறதும் தெரியும். தொட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரேன்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவள் மடிக்கணினியைக் கவிழ்த்து, தாளின் மூலையில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாக உரித்தாள்.

"மெதுவா, மெதுவா! கிழியாம எடுத்தா மறுபடி ஒட்டிக்கலாம்!"

அவள் அதைக் கசக்கி மேசையில் போட்டாள். பீரோவைத் திறந்து சார்ஜரை எடுத்துக் கட்டை அவிழ்த்துச் செருகினாள். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையின் வெறும் பலகையில் வைத்தாள். போர்டு போயிருந்த அந்தக் கணினி சமர்த்தாக எழுந்தது. பழுதுபார்ப்பவரும் மாடி வீட்டுக்காரரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். கதைக்கும் அதுவே வசதி.

"எழுந்திருங்க அண்ணா" என்று என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். எழுதுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்:

"மடிக்கணினியின் காற்றுத் துளைகள் தாளால் மூடப்பட்டிருந்தன. சார்ஜர் அதற்கு உரியதல்ல. இரண்டும் எனக்கு முன்பே தெரியும். வீட்டில் மனஸ்தாபம் வேண்டாமென்று சரிசெய்யாமல் இருந்தேன். இப்போது சரிசெய்துவிட்டேன்."

"மனஸ்தாபம்னெல்லாம் எதுக்கு எழுதற?" என்றார் மாப்பிள்ளை.

"அவங்க காரணம்தானே கேட்டாங்க?"

"'மேன்மைமிகு'ன்னு ஒரு வார்த்தை—" என்றேன் நான். அவள் பார்த்த பார்வையில் அந்த வார்த்தை என் வாய்க்குள்ளேயே திரும்பிவிட்டது.

6.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) கடிதத்தின் நேர்மையில் உருகி, அலுவலர் மறுதேர்வே இல்லாமல் வேலை கொடுக்கிறார். இப்படிப்பட்ட அலுவலர்களை நான் அச்சில் மட்டுமே சந்தித்திருக்கிறேன்.

ஆ) "கோளாறு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவளை நம்பி எப்படி வேலையில் வைப்பது?" என்று கடிதத்தை ஓரமாக வைத்துவிடுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை. தவறென்றும் சொல்ல முடியவில்லை.

இ) மாப்பிள்ளை திருந்துகிறார். இதை எழுதலாம் என்று நிமிர்ந்து பார்த்தேன். கசங்கிய தாளை மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

ஈ) அவளுக்கு வேலை கிடைத்து, முதல்நாள் அலுவலகத்தில்—

போதும். உறையின் மேல் 'தேர்வுப் பிரிவு அலுவலர்' என்றுதான் முகவரி, பெயர் இல்லை. அந்த அலுவலர் நீங்களே என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசைக்கு வரப்போகிறது. அவளை மறுபடி தேர்வில் உட்கார வைப்பீர்களா, மாட்டீர்களா என்பதை நீங்களே சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்குச் சொல்லுங்கள். காத்திருப்பது அவள்.

தங்கை தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். மடிப்பில் பசை தடவினாள்.

"குடு, ஒருதடவை பாத்துடறேன். பிழை கிழை இருக்கும்."

"ஒட்டியாச்சு அண்ணா."

தெருமுனைத் தபால்பெட்டிவரை நானும் கூடப் போனேன். அவள் உறையைப் பாதி நுழைத்துவிட்டு, ஒரு கணம் விடாமல் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள்.